துண்டுக்கு அடியில் ஒரு விலை

மதீனாவின் குரலுக்குக் கம்பம் கடைவீதியில் அன்றைய விலை பதினைந்து ரூபாய். வெற்று சிடி ஒன்றின் விலை அது. அப்துல் அஜீஸ் பத்துக்குக் கேட்டார்.

கேட்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். மாட்டுச் சந்தையில் தரகுக்கு நின்று, அங்கிருந்து ஏலக்காய்க் கமிஷன் கடைக்கு ஏறி வந்தவர். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் அவருக்குச் சாப்பிட்ட சோறு செரிக்காது. கம்ப்யூட்டர் கடை ராஜமணி, லினக்ஸ் சிடியை உறையோடு சும்மாவே எடுத்து நீட்டியிருந்தான். வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு அதைப் போடும் முன்னால், பெட்டியில் இருக்கும் முக்கியமானதை எல்லாம் வேறொரு சிடியில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னான். அந்த வேறொரு சிடிக்குத்தான் பதினைந்து.

"பத்துக்குக் குடு தம்பி."

"எனக்கே பன்னெண்டு அடக்கம் பாய்."

"லினக்ஸச் சும்மா குடுக்கிற. அத விட ஒசத்தியா இது? ஒண்ணுமே எழுதாத வெறுந்தட்டு."

"அதச் செஞ்சவுக சும்மா குடுத்தாக, நானும் சும்மா குடுக்குறேன். இது நான் காசு போட்டு வாங்குனது."

அஜீஸ் சிரித்தார். லினக்ஸை மட்டும் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இதற்கென்று ஒரு நடை இருக்கிறது. வேகம் கூடாது, நிற்கவும் கூடாது. முதுகைக் கடைக்காரனுக்கு நன்றாகக் காட்டியபடி, எனக்கொன்றும் அவசரமில்லை என்று தோளே சொல்கிற நடை. அடுத்த கடையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து "சரி, வாங்க" என்று குரல் வந்துவிடும். அப்படிக் கூப்பிட்ட பிறகு திரும்பாமல் போவது வியாபாரிக்கு அழகில்லை. நீ கேட்ட விலைக்கு அவன் இறங்கிவிட்டான், இனி நீ வாங்கித்தான் ஆகவேண்டும். கூப்பிடாத கடைக்கு நீயாகத் திரும்பிப் போவதோ அதைவிடக் கேவலம். சாகிறவரை சொல்லிச் சிரிப்பார்கள்.

ராஜமணி கூப்பிடவில்லை. ஒரு பிரிண்டரைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். அஜீஸ் வீடு வரைக்கும் அதே நடையில் போய்ச் சேர்ந்தார்.

வழியிலேயே மனதைத் தேற்றிக்கொண்டார். பெட்டிக்குள் இரண்டு அறை இருப்பது அவருக்குத் தெரியும். சி என்பது கடை, டி என்பது குடோன். செத்துப்போன மனைவி மதீனா பேசிப் பதிந்ததெல்லாம் குடோனில் இருக்கிறது. வைரஸ் பிடித்துக் கிடப்பது கடை. கடைக்கு வெள்ளையடித்தால் குடோனில் அடுக்கிய மூட்டை எங்கே போகும்? பதினைந்து ரூபாய் மிச்சம்.

ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறையில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அந்த வீட்டில் தலையணையில்கூட ஏலக்காய்தான் மணக்கும். சிடியைப் போட்டு உட்கார்ந்தார். அது ஊர் கேட்டது, பெயர் கேட்டது, மணி கேட்டது, பெண் பார்க்க வந்தவர்களைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியில், டிஸ்கை மொத்தமாக எடுத்துக்கொள்ளவா, பிரித்துப் போட நீயே வழி சொல்கிறாயா என்றது. பிரித்துப் பார்த்து வாங்குகிறவன் சில்லறை வியாபாரி. மொத்தமாக எடுத்தால்தான் விலை படியும். மொத்தம் என்பதில் அமுக்கினார்.

நீலக் கோடு ஒன்று திரையில் ஊர்ந்தது. வெளியே குமுளி மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. கோடு பாதி தாண்டியபோது, மேசையிலிருந்து ஒரு சத்தம்.

டக். டக்.

நகத்தால் எதையோ தட்டுகிற சத்தம். அஜீஸ் தலையைத் திருப்பினார். மைக் மேசை ஓரத்தில், கழுத்து வளைந்து, வயர் சுருட்டி ரப்பர் போட்டபடி கிடந்தது. மதீனா போன பிறகு யாரும் அதைச் சொருகியதே இல்லை.

பல்லி என்று முடிவு செய்தார்.

*

மதீனாவுக்கு அப்படி ஒரு பழக்கம். பேசுவதற்கு முன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவாள், தொண்டையைச் செருமுவாள், அப்புறம் "மிஸ்பா" என்று ஆரம்பிப்பாள். மகள் சென்னைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன வருஷம், நோய் இவளைப் படுக்கையில் போட்ட வருஷமும் அதுதான். போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, இதில் பேசி அனுப்புகிறேன் என்றாள். பழைய சிஸ்டத்தில் இருந்த ரெக்கார்டர் ஒரு நிமிஷத்துக்கு மேல் பதியாது. அவளுக்கோ ஒரு நிமிஷத்தில் ஒரு பேச்சும் முடியாது. ஒவ்வொன்றும் நடுவாக்கியத்தில் அறுந்து நிற்கும். கோடாலித் தைலம் தேய்த்த நெற்றியோடு, அறுந்தது தெரியாமல், இன்னும் கொஞ்ச நேரம் அந்த மைக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பாள்.

அதை அனுப்புவதாக அஜீஸ் ஏற்றுக்கொண்டார். அன்றைய போன் லைனில் ஒன்று ஏறுவதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது, ஏறுகிற நேரத்துக்கெல்லாம் கட்டணம். ராத்திரி ரேட்டுக்கு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டார். அனுப்பியாச்சா என்று அவள் கேட்டபோது அனுப்பியாச்சு என்றார். மகள் கேட்டுவிட்டாள் என்கிற நிம்மதியோடு அவள் போய்ச் சேர்ந்தாள். பேச்செல்லாம் பெட்டியிலேயே இருப்பதை மகளிடம் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

இப்போது மிஸ்பாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். தாயில்லாத தாய்வீடு. போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா பேசுனத எல்லாம் கேக்கணும்த்தா. வந்தவுடனே. வயித்துல இருக்கிறதும் அவுக நன்னி குரலக் கேக்கட்டும்."

கேட்கலாம் என்றார் அஜீஸ். அதற்காகத்தான் பெட்டியைச் சுத்தம் செய்யவே இறங்கினார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். புதுச் சிஸ்டம் மண்நிறத் திரையோடு திறந்தபோது கடையும் இல்லை, குடோனும் இல்லை. ஒரே கூடம். பெருக்கித் துடைத்த கூடம்.

மருமகன் தௌபீக்குக்குப் போன் போட்டார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மிஸ்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகு நடந்ததைச் சொன்னார்.

அப்புறம் தௌபீக் பொறுமையாக விளக்கினான். அழிந்தது பெயர்ப்பலகைதான் மாமா, சரக்கு உள்ளேதான் கிடக்கும், அதன்மேல் வேறு சரக்கை அடுக்காதவரை. அதை வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது. போனமுறை வந்தபோது அவன் விட்டுப்போன பென் டிரைவில் அதற்கான புரோகிராம்கூட இருக்கிறது. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அவன் சொல்கிற எழுத்தை எழுத்து மாறாமல் அடித்தால் போதும்.

எழுத்து மாறாமல். அஜீஸ் ஒற்றை விரலால், கோழி கொத்துகிற மாதிரி அடித்தார். இடைவெளி விட்டால் தப்பு என்றது. இடைவெளி விடாவிட்டால் அதுவும் தப்பு என்றது. பெரிய எழுத்து சின்ன எழுத்துக்கெல்லாம் சண்டை பிடித்தது. எல்லாம் சரியாக வந்தபோது, உனக்கு அனுமதி இல்லை என்றது. என் வீட்டில், என் மேசைமேல், என் காசில் வாங்கிய பெட்டி எனக்கு அனுமதி இல்லை என்கிறதா என்று மருமகனிடம் பொரிந்தார். பாஸ்வேர்டைக் கொடுத்தால் அனுமதி கிடைக்கும் என்றான் அவன். கொடுத்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"நான் அடிக்கிறேன் மாப்பிள்ளே, ஒண்ணும் விழுக மாட்டேங்குது."

"விழுகாது மாமா. லினக்ஸ்ல பாஸ்வேர்ட் கண்ணுக்குத் தெரியாது. நீங்க பாட்டுக்கு அடிச்சு எண்டரத் தட்டுங்க."

அஜீஸுக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. இது துண்டு வியாபாரமல்லவா! சந்தையில் மாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். விலை முழுக்க விரல்கள் பேசும். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று, அதோடு நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. கை மொத்தத்தையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு முகம்தான் தெரியும், விலை தெரியாது. ஒரே ஒரு சட்டம் உண்டு. துண்டு போடுவதற்கு முன்னால், நூறிலா ஆயிரத்திலா என்று அலகை வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். அலகு சொல்லாமல் பிடித்த விரலுக்கு என்ன விலையும் வைக்கலாம்.

கண் பார்க்காமல் அடித்தார். ஏற்றுக்கொண்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் பென் டிரைவில் மூட்டை மூட்டையாகக் கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, நீளமான எண்கள் மட்டும். ஒரு நிமிஷ நீளமுள்ளவற்றைத் தனியாகப் பிரித்துவைத்தார். அவைதானா, அல்லது பாதி அழிந்து வெறும் இரைச்சல்தானா, கேட்டால்தான் தெரியும். கேட்க முடியவில்லை. ஸ்பீக்கர் படத்தின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. புதுச் சிஸ்டத்துக்கு அந்தப் பெட்டியின் சவுண்ட் கார்டு யாரென்றே தெரியவில்லை. அதற்கு என்னவோ ஒன்றை நெட்டிலிருந்து இறக்கவேண்டும். நெட்டுக்கு மோடம் வேண்டும். மோடத்தையும் அதற்குத் தெரியவில்லை, மோடத்தைத் தெரிந்துகொள்ள நெட்டிலிருந்து ஒன்றை இறக்கவேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டவனிடம் யார் பேசுவது?

பென் டிரைவை பிரௌசிங் சென்டரில் கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்களேன் என்றான் தௌபீக். அஜீஸ் அந்தப் பேச்சையே வெட்டினார். அந்நிய ஆம்பிளை முன்னால் குரலை உயர்த்திப் பேசாதவள். அவள் செத்த பிறகு அவள் குரலை நடுக்கடையில் ஓடவிடுவதா? ராஜமணி கடையில் தனியாகப் போட்டுக் கேட்கலாம். ஆனால் அவன் கூப்பிடவில்லையே.

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. தௌபீக் ஆபீஸ் முடிந்து வந்து எழுத்துகளைச் சொல்வான், இவர் அடிப்பார், பெட்டி மறுக்கும். ஒவ்வொரு மறுப்புக்கும் நடுவில், மேசையின் எங்கோ ஒரு மூலையிலிருந்து, டக். டக். மைக்கைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்தார். சத்தம் இங்கேயேதான் இருந்தது. கீபோர்டுக்கு அடியில் பல்லி முட்டையிட்டிருக்கும் என்று தூக்கிக் கவிழ்த்துத் தட்டினார். அரிசி மணி ஒன்று விழுந்தது. வேறொன்றும் இல்லை.

ஏலக்காய் வாசத்துக்கு நடுவே ஒரு சாயங்காலம் கோடாலித் தைலம் மணத்தது. வீட்டில் அந்தப் பாட்டில் இல்லை. அவளோடு போன சாமான்களில் அதுவும் ஒன்று.

*

மிஸ்பா வருகிற அன்று மத்தியானத்திலிருந்தே மழை. மதுரையில் ரயிலிலிருந்து இறங்குகிறவளை ஏற்றிவரச் சங்கிலியின் காரை அனுப்பியிருந்தார். சங்கிலி அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன காலத்திலிருந்து அந்த வீட்டு மனுஷன். அவன் ஓட்டினால் வயிற்றில் இருப்பதற்கு ஆட்டம் தெரியாது.

பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு அஜீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தௌபீக் அன்றைக்குச் சொன்னது கடைசி வழி, கறுப்புத் திரையில் ஒரு வரி. அதற்கும் பாஸ்வேர்ட் கேட்கும், கொடுத்தால் சவுண்ட் கார்டு பேச வாய்ப்பிருக்கிறது, வாய்ப்பு மட்டும்தான் என்று சொல்லியிருந்தான்.

தேனி தாண்டிவிட்டோம் என்று மிஸ்பா போன் செய்தாள். ரெடியா என்று கேட்டாள். ரெடி என்றார்.

வரியை அடித்தார். தப்பு. திரும்ப அடித்தார். பாஸ்வேர்ட் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொல்லை விரல் வலிக்க அமுக்கினார். தப்பு என்றது. மறுபடி. தப்பு. தினமும் ஏற்றுக்கொண்ட அதே சொல். விரலா மாறிப்போச்சு என்று தன் கையையே திருப்பிப் பார்த்தார். ஸ்பீக்கர் வயரில் கோளாறோ என்று பிடுங்கி, நுனியை ஊதிப் பார்க்கிறபோதே கரண்ட் போனது.

வீதி மொத்தமும் ஒரே மூச்சில் இருட்டியது. எதிர்வீட்டில் யாரோ மெழுகுவத்தியைத் தேடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். யூபிஎஸ் 'கீ' என்று கூவிவிட்டு நின்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூவியது. மழை விட்ட ஈர மண்ணிலிருந்து கிளம்பிய ஈசல், அந்தத் தெருவில் மிச்சமிருந்த ஒரே வெளிச்சத்தைக் கண்டுபிடித்து, ஜன்னல் கம்பி வழியாக, கதவிடுக்கு வழியாக, ஓட்டின் சந்து வழியாக, கைப்பிடி கைப்பிடியாக உள்ளே வந்தது. திரையில் மோதிச் சரசரவென்று விழுந்தது. இறகு உதிர்த்தது. உதிர்த்த உடம்பைக் கீபோர்டின் பித்தான்களுக்கு நடுவே நெளித்தது. அவர் கழுத்துக்குள், காதுக்குள் எல்லாம் இறகு. அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒன்று நசுங்கியது.

தோளில் கிடந்த துண்டை உருவிக் கீபோர்டின்மேல் போட்டார். அதற்குள் இரண்டு கையையும் நுழைத்தார். பார்க்க முடியாத சொல்லுக்குப் பார்க்காமல் அடித்தால் என்ன?

தப்பு என்றது.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றார் திரையைப் பார்த்து. "என்ன வேணாலும் எடுத்துக்க. அவ ஒரு தடவ பேசுனாப் போதும்."

எந்த வியாபாரியும் சொல்லக்கூடாத சொல் அது. வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. சந்தையில் இதைச் சொன்னவன் வேட்டியோடு வீடு திரும்பமாட்டான்.

டக். டக்.

இந்தமுறை மூலையிலிருந்து இல்லை. துண்டுக்கு அடியிலிருந்து.

கையை உருவிக்கொண்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது. பயத்தைவிட எரிச்சல்தான் முந்தியது. ஒரு வாரத்து எரிச்சல்.

"போ. உன் சரக்கே எனக்கு வேணாம்."

திரும்பி நடந்தார். ஓடவில்லை. கால்கள் அவரைக் கேட்காமலே அந்த நடையைப் பிடித்துக்கொண்டன. வேகம் கூடாது. நிற்கக் கூடாது. முதுகு தெரியவேண்டும். இருட்டில் கூடம், கூடத்துக்கு அப்பால் வாசல் கதவு, கதவில் தாழ்ப்பாள். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"ஏங்க."

நின்றார்.

"சரி, வாங்க. கேட்ட வெலைக்கே தாரேன்."

ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. லேசான கரகரப்பு, மூச்சுக்கு நடுவில் அந்தச் சின்ன விசில். அவள் குரலேதான். அஜீஸ் குனிந்து தன் கையைப் பார்த்தார். பிடுங்கிய ஸ்பீக்கர் வயர் நாற்காலி கைப்பிடியில் மாட்டி, அவர் விரலில் சுற்றிக்கொண்டு, கூடம் வரை இழுபட்டு வந்திருந்தது. அதன் நுனி அவர் கையில்தான் இருந்தது.

வாசல் எட்டுகிற தூரம். தாழ்ப்பாளைத் தள்ளினால் தெரு. தெருவில் ஆட்கள்.

ஆனால் கூப்பிட்டாயிற்று. அவர் கேட்ட விலைக்கு இறங்கியாயிற்று.

திரும்பிப் போனார்.

துண்டின்மேல் ஈசல் கம்பளம் மாதிரி அப்பியிருந்தது. அதற்கு அடியில் மேடு ஒன்று. கீபோர்டின் மேடு என்று சொல்லிக்கொண்டார். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். திரையில் கர்சர் மின்னியது. பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. கோடாலித் தைலம் கண்ணை எரித்தது.

கையைத் துண்டுக்குள் விட்டார்.

பித்தான்கள் இல்லை.

கை இருந்தது. ஈரமாக. வெட்டி எடுத்த மண்ணின் குளிர்ச்சியோடு. நோயில் மெலிந்து கழன்று விழும் என்று நூல் சுற்றிப் போட்ட மோதிரம், அந்த நூல்கூட அப்படியே. அது அவர் கையைத் தேடித் தடவி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பியது. பழகிய தரகனின் நிதானம். மதீனா ஒரு நாளும் சந்தைக்கு வந்தவளில்லை. இந்தப் பிடி அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆள்காட்டி விரலைப் பிடித்தது. நிறுத்தியது. நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தது.

இரண்டு.

"எதுல?" என்றார். உதடு மட்டும் அசைந்தது. "எதுல ரெண்டு?"

பிடி இறுகியது.

அலகு சொல்லாமல் கை கொடுக்காதே. அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

"மிஸ்பா. அம்மா பேசுறேன்டா. சாப்பிட்டியா? மாப்பிள்ளையச் சாப்பிட வெச்சியா? இங்கன ஒரே மழ. எனக்கு இன்னைக்கு வலி கொறஞ்சிருக்கு, உங்கத்தா கஞ்சி வெச்சுக் குடுத்தாக, உப்புத்தான் இல்ல."

அஜீஸின் கன்னம் நனைந்தது. அந்தக் கஞ்சி அவருக்கு நினைவிருந்தது. உப்பு இல்லை என்று அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

"உனக்குப் பிள்ள பெறக்கும்போது நான் இருக்கேனோ என்னமோ. பெறந்த உடனே உங்கத்தா கையில குடுப்பாக. அத மொதல்ல..."

அறுந்தது. ஒரு நிமிஷம்.

இங்கேதான் எப்போதும் அறும். இதற்குமேல் அவள் என்ன சொன்னாள் என்று எந்தப் பெட்டியும் பதியவில்லை. அந்த மீதியை இந்த உலகத்தில் யாரும் கேட்டதில்லை.

துண்டுக்குள் அந்தக் கை காத்திருந்தது. இரண்டு விரலை விடாமல். சம்மதம் என்றால் திருப்பி ஒரு அழுத்து. அவ்வளவுதான்.

தெருமுனையில் கார் ஒன்று கியர் மாற்றித் திரும்பியது.

மிஸ்பா கேட்க வேண்டும். வந்தவுடனே.

அழுத்தினார்.

"...அத மொதல்ல எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. நான் வெச்சுக்கிறேன்."

வாக்கியம் முடிந்தது. மதீனாவின் ஒரு பேச்சு முதல்தடவையாக முழுசாக முடிந்தது. சிவப்புப் பெருக்கல் குறி திரையில் அப்படியே இருந்தது.

கார் வாசலில் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம். சங்கிலி டிக்கியைத் திறக்கிற சத்தம். தண்ணீரில் மெல்ல, பார்த்துப் பார்த்து வைக்கிற காலடி. கதவுக்கு வெளியே மகளின் குரல், மூச்சு வாங்க, வயிற்றைத் தட்டிக்காட்டுகிறபோது வருகிற அந்தச் சிரிப்போடு.

"அத்தா. நாங்க ரெண்டு பேரும் வந்துட்டோம்."

துண்டுக்குள் பிடி விட்டது.

எழவேண்டும். கத்தவேண்டும். போயிரு மிஸ்பா, வண்டியில ஏறு. வாய் திறந்தது. ஈசல் இறகு நாக்கில் ஒட்டியது. கால் இல்லை. குரல் இல்லை. இரண்டு விரல் மரத்துப்போய், துண்டுக்குள் இன்னும் நீட்டியபடி.

துண்டின் மேடு தணிந்தது. தட்டையானது. அதன்மேல் இருந்த ஈசல் எல்லாம் ஒரே சமயத்தில் பறந்து, வழி விட்டது.

கூடத்தில் ஈரப் பாதம். ஒன்று. இன்னொன்று.

வாசல் கதவின் உள்பக்கம் நகம் தட்டியது. டக். டக்.

"தொறங்கத்தா," என்றாள் மிஸ்பா வெளியிலிருந்து. "நீங்கதான, அங்கன நிக்கிறது?"

தாழ்ப்பாள் நகர்ந்தது.

யூபிஎஸ் கடைசியாக ஒருமுறை கூவி அணைந்தது. இருட்டில் உட்கார்ந்து அஜீஸ் கணக்குப் பார்த்தார். வேறெதுவும் செய்ய உடம்பு அவர் வசம் இல்லை. வரவு, மதீனாவின் குரல், ஒரு நிமிஷமும் அதற்கு மேலேயும். மிச்சம், பதினைந்து ரூபாய். பற்று, இரண்டு.